கச்சான் காற்றிலும் காயாத செம்மறிச் சீஸ்: வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகளின் பெட்டியில் முன்பு சொக்லேட்டும் சவர்க்காரமும் இருக்கும். இப்போது சீஸும் வருகிறது. அதிலும் நாள்பட்ட செம்மறிப்பால் சீஸ் பற்றித் திருகோணமலை வாசகர்களிடமிருந்து ஒரு கட்டுக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இம்முறை பதில் தருகிறோம்.

தம்பி ரோமிலிருந்து ஒரு கிலோ பெக்கொரினோ ரொமானோ கொண்டுவந்தார். வக்கியூம் பையில் அப்படியே இருக்கிறது. வெட்டினால் எத்தனை நாள் தாங்கும்? எப்படிச் சுற்றி வைப்பது?
– வாசகி, உப்புவெளி

பை ஊதாமலும் உடையாமலும் இருந்தால் வெட்ட அவசரப்பட வேண்டாம். லேபலில் உள்ள திகதி வரை பிரிட்ஜில் கிடக்கட்டும். பெக்கொரினோ ரொமானோ உப்பு கூடிய, நீர் குறைந்த செம்மறிப்பால் சீஸ். மேசையில் வைத்துச் சாப்பிடுவதற்கானது குறைந்தது 5 மாதமும், துருவிப் பாவிப்பதற்கானது குறைந்தது 8 மாதமும் பழுத்த பிறகுதான் விற்பனைக்கு வரும். பெயரில் ரோம் இருந்தாலும் பெரும்பகுதி சார்டினியாத் தீவில்தான் செய்யப்படுகிறது. இவ்வளவு காலம் பழுத்த பொருள் ஒரு கிழமை பிந்தினால் கெட்டுவிடாது. பிழையாகச் சுற்றினால்தான் கெடும்.

வெட்டும் நாளில் ஒரு கிலோவையும் ஒரே தடவையில் நான்காகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் 250 கிராம் அளவில் வரும். கத்தியும் பலகையும் கழுவித் துடைத்து உலர்ந்திருக்க வேண்டும். சீஸின் வெட்டுமுகத்தில் விரல் படக்கூடாது. பூஞ்சணம் முதலில் முளைப்பது பெரும்பாலும் விரல் பட்ட இடத்தில்தான். ஒரு துண்டை உடன் பாவனைக்கு எடுங்கள். மற்ற மூன்றையும் வக்கியூம் மெஷின் உள்ள யாரிடமாவது கொடுத்துத் திரும்ப அடைத்துக்கொள்ளுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் ஒவ்வொன்றையும் தனித்தனியே தாளில் சுற்றுங்கள். முழுக் கட்டியைத் தினமும் வெளியே எடுத்து வெட்டி உள்ளே வைப்பதுதான் நம்மூரில் செய்யக்கூடாத காரியம். காரணம் அடுத்த கேள்வியில் வரும்.

சுற்றுவதற்கு கேக் தட்டில் போடும் பேக்கிங் பேப்பர் போதும். இரண்டு மடிப்பாக, பொதி கட்டுவதுபோல இறுக்கமாகச் சுற்றி, நூலால் கட்டுங்கள் அல்லது ஒட்டுங்கள். மேலே திகதியை எழுதிவிடுங்கள். அதை மூடியுள்ள ஒரு பெட்டியில், அடியில் காய்ந்த பருத்தித் துணி ஒன்றை மடித்துப் போட்டு வையுங்கள். பெட்டி மரக்கறித் தட்டில் இருக்கட்டும். பிரிட்ஜில் காற்றோட்டம் குறைந்த இடம் அதுதான். கதவுத் தட்டில் வேண்டாம், கதவைத் திறக்கும்போதெல்லாம் சூடு ஏறி இறங்கும். கிழமைக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள். துணி ஈரமாக இருந்தால் அதையும் மாற்றுங்கள். இப்படி வைத்தால் திறந்த துண்டு நான்கு முதல் ஆறு கிழமை வரை நன்றாக இருக்கும்.

லஞ்ச் ஷீட்டில் சுற்றக்கூடாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். கூடாது. அது மெல்லிய பொலித்தீன்தான். சீஸ் விடும் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேற்பரப்பிலேயே நிற்கும், நாலாம் நாள் வழுவழுப்பும் புளித்த வாடையும் வரும். வெறும் அலுமினியத் தாளும் சரியில்லை. சீஸின் உப்பும் புளிப்பும் அதை அரித்து ஊசித்துவாரம் போடும். சுற்றாமல் வெறுமனே வைத்தால் பிரிட்ஜின் உலர்காற்று இரண்டே நாளில் ஓரங்களை வெடிக்க வைத்துவிடும். தாள் சுற்றினால் ஈரம் மெதுவாகப் போகும், பெட்டி இருந்தால் முழுக்கப் போய்விடாது. இரண்டும் சேர்ந்தால்தான் கணக்குச் சரி.

இன்னொன்று. நம் பிரிட்ஜுகளில் மீன் இல்லாத நாள் அருமை. கருவாட்டுப் பொதியும் திறந்த சீஸும் ஒரே தட்டில் இருந்தால், கொழுப்பு வாடையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிறகு அந்த வாடையைச் சீஸிலிருந்து எடுக்க வழியில்லை. பெட்டிக்கு மூடி வேண்டும் என்று சொன்னதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

நிலாவெளியில் விருந்தினர் விடுதி ஒன்றில் சமையல் பொறுப்பு. வெளிநாட்டவர்கள் சீஸ் தட்டுக் கேட்கிறார்கள். ‘பரிமாறுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே வெளியே எடுத்து வைக்கவும்’ என்று புத்தகங்களில் இருக்கிறது. அப்படி வைத்தால் சீஸ் எண்ணெய் கக்குகிறது. என்ன பிழை?
– வாசகர், நிலாவெளி

உங்களில் பிழையில்லை. அந்த ஒரு மணித்தியாலம் 18, 20 பாகை செல்சியஸ் உள்ள அறைக்குச் சொன்னது. நிலாவெளியில் பகலில் 30 பாகைக்கு மேல் போகிறது. பால் கொழுப்பின் பெரும்பகுதி அந்தச் சூட்டிலேயே உருகத் தொடங்கிவிடும். செம்மறிப்பாலில் கொழுப்பு 7 வீதம் அளவில் இருக்கிறது, பசுப்பாலில் 4 வீதந்தான். அதனால் செம்மறிச் சீஸ் இன்னும் வேகமாக வியர்க்கும். கக்கிய எண்ணெயைத் துடைத்துவிட்டால் தோற்றம் சரியாகலாம், ஆனால் உள்ளே கட்டி மாவுபோல வறண்டு போயிருக்கும். குளிர வைத்தாலும் பழைய பதம் திரும்பாது.

விசிறிக் காற்றுள்ள திறந்த மண்டபமென்றால் 15 முதல் 20 நிமிடம் போதும். ஏசி போட்ட அறையென்றால் 40 நிமிடம் விடலாம். விரலால் மெல்ல அழுத்தும்போது நடுப்பகுதி குளிராக, ஆனால் கல்லாக இல்லாமல் இருந்தால் பதம் வந்துவிட்டது. பிரிட்ஜ் குளிரில் நேரே கொடுத்தால் உப்பு மட்டுந்தான் நாக்கில் தெரியும். வாசம் எழுவதற்குக் கொழுப்பு சற்று இளக வேண்டும்.

இனி முக்கியமான விசயம், மேலே உப்புவெளி வாசகிக்குச் சொன்னதன் காரணமும் இதுதான். நம் கரையோரக் காற்றில் ஈரம் கூட. பிரிட்ஜிலிருந்து வந்த 5 பாகைக் கட்டியைத் தாளை உரித்து மேசையில் வைத்தால், குளிர் சோடாப் போத்தலில் துளிர்ப்பதுபோல அதன் மேலும் நீர் துளிர்க்கும். அந்த ஈரத்தோடு திரும்பச் சுற்றி உள்ளே வைத்தால் பூஞ்சணத்துக்குப் பாய் விரித்துக் கொடுத்த மாதிரி. ஆகவே எடுத்தவுடனேயே, கட்டி குளிராக இருக்கும்போதே, அன்றைக்குத் தேவையான அளவை வெட்டி மீதியை உடனே உள்ளே வையுங்கள். வெட்டிய பங்கைத் தாளில் சுற்றியபடியே இளக விடுங்கள். நீர் தாளின் வெளிப்பக்கத்தில் துளிர்க்கும், சீஸ் தப்பும். மாரி மாதங்களில் இதைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் துளிர்ப்பது குறையலாம், ஆனால் அப்போது வெட்டிய துண்டின் ஓரம் அரை மணியில் காய்ந்து மஞ்சளாகும். தட்டை ஒரு கவிழ்த்த கிண்ணத்தால் மூடி வையுங்கள், விசிறிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். எறும்புக்கு என்ன செய்வதென்று உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெட்டும் முறை சீஸுக்குச் சீஸ் மாறும். ஸ்பெயினின் செம்மறிச் சீஸான மான்செகோவை முக்கோணமாக, 5 மில்லிமீற்றர் தடிப்பில், ஒவ்வொரு துண்டின் முனையிலும் தோல் ஒட்டியிருக்கும்படி வெட்டுவார்கள். தோலைப் பிடித்துச் சாப்பிட்டுவிட்டுத் தோலை எறிய வேண்டும். எஸ்பார்ட்டோப் புல்லால் பின்னிய பட்டி முன்பு பதித்த அச்சின் வடிவம் அந்தத் தோலில் இன்றும் வளைந்து வளைந்து தெரியும். நம் பன்பெட்டிப் பின்னல்போல இருக்கும், விருந்தினர் பார்க்கட்டும் என்று விட்டுவைப்பது நல்லது. பெக்கொரினோ ரொமானோவை மெல்லிய வில்லையாக வெட்டப் பார்க்காதீர்கள், நொறுங்கும். குட்டைக் கத்தியின் முனையைக் குத்தி நெம்பினால் சுண்ணாம்புக்கல் பிளப்பதுபோலத் தானே உடையும். அந்தக் கரடுமுரடான முகத்தில்தான் வாசம் கூட. பிரான்சின் நீலச் சீஸான றொக்ஃபோர்ட்டுக்குக் கத்தியைச் சுடுநீரில் நனைத்துத் துடைத்துப் பாவியுங்கள், இல்லாவிட்டால் ஒட்டிக் கிழியும்.

ஆளுக்கு மொத்தம் 40 கிராம் போதும். தட்டில் மான்செகோ முதலில், பிறகு பிரான்சின் பாஸ்க் பக்கத்து ஒசோ-இராட்டி, அதற்குப் பின் பெக்கொரினோ, கடைசியில் றொக்ஃபோர்ட். றொக்ஃபோர்ட்டை முதலில் வாயில் வைத்தால் மற்ற மூன்றும் வெண்சாந்து.

துணைக்கு எது? ஸ்பெயினில் மான்செகோவோடு குயின்ஸ் என்ற பழத்தின் கெட்டிப் பாகு வைப்பார்கள். அது நம்மிடம் இல்லை. கொய்யாப்பழத்தைச் சீனியோடு கிண்டிக் கட்டியாக்கினால் அதே வேலையைச் செய்யும். விளாம்பழ ஜாம் இன்னும் நல்லது, அதன் புளிப்பு கொழுப்பை அறுத்துக்கொண்டு போகும். ஒசோ-இராட்டிக்கு அந்த ஊரில் கறுப்புச் செரி ஜாம். இங்கே பனங்கட்டியைச் சீவித் தூவிப் பாருங்கள், புகை வாசம் சரியாகச் சேரும். றொக்ஃபோர்ட்டுக்கு ஒரு துளி தேன் அல்லது கித்துள் பாணி. பெக்கொரினோவுக்கு இத்தாலியர் பேரிக்காய் வைப்பார்கள். நாம் மாம்பழம் வைக்கலாம், ஆனால் கனிந்து ஒழுகும் கறுத்தக்கொழும்பான் வேண்டாம், தட்டெல்லாம் சாறாகும். கால்வாசி காயாக உள்ளதை எடுத்துத் துடைத்து வெட்டுங்கள். வறுத்த கஜு எல்லாவற்றோடும் போகும். கச்சானும் போகும், காற்றைச் சொல்லவில்லை, கடலையைச் சொல்கிறோம். உறைப்புச் சம்பல் எதையும் அருகே கொண்டுவராதீர்கள். மிளகாய் ஏறிய நாக்குக்கு எந்தச் சீஸும் ஒன்றுதான்.

மேசையில் இரண்டு மணித்தியாலம் இருந்த மீதியைத் திரும்பப் பொதிக்குள் சேர்க்காதீர்கள். கடினமான வகைகளைத் துருவி அன்றைய சமையலில் போடலாம். றொக்ஃபோர்ட் என்றால் எறிந்துவிடுங்கள்.

மான்செகோக் கட்டியில் வெள்ளைப் புள்ளிகள். மேலே ஓரிடத்தில் பச்சைப் பூஞ்சணமும் இருக்கிறது. பொதியைத் திறந்தால் மூத்திர வாடை மாதிரி ஒன்று அடிக்கிறது. முழுவதையும் எறிய வேண்டுமா?
– வாசகி, உவர்மலை

மூன்றும் மூன்று விசயம், தனித்தனியாகப் பாருங்கள்.

வெள்ளைப் புள்ளி கட்டியின் உள்ளே இருந்து, கடித்தால் மணல்போல நறநறக்கிறதா? அது தைரோசீன் என்ற அமினோ அமிலத்தின் பளிங்கு. சீஸ் பழுக்கும்போது புரதம் உடைந்து, கரையாமல் திரண்டு நிற்கும். நன்கு நாள்பட்டது என்பதற்கு அது அடையாளம், சுவைத்துச் சாப்பிட வேண்டியது. வெள்ளை மேற்பரப்பில் மா பூசியதுபோல இருந்தால் பெரும்பாலும் கல்சியம் லக்டேற்று. விரலால் தேய்த்துப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் பளிங்கு. பஞ்சுபோல நசுங்கினால் பூஞ்சணம்.

பச்சை அல்லது நீலப் பூஞ்சணம் கடினமான சீஸில் ஓரிடத்தில் மட்டும் இருந்தால், அந்த இடத்தைச் சுற்றியும் ஆழத்திலும் 2.5 சென்ரிமீற்றர் விட்டு வெட்டி எறியுங்கள். கத்தி பூஞ்சணத்துக்குள் நுழையக்கூடாது, நுழைந்தால் நல்ல பக்கத்துக்கும் நீங்களே பரப்பிவிடுவீர்கள். புதுத்தாளில் சுற்றுங்கள், பெட்டியைச் சுடுநீரில் கழுவிக் காயவிடுங்கள். கட்டி சின்னதாக இருந்து 2.5 சென்ரிமீற்றர் வெட்டினால் ஒன்றும் மிஞ்சாது என்றால் கணக்குப் பார்க்காமல் எறியுங்கள். கறுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ வழுவழுப்பாக இருந்தாலும் அப்படியே. மென்மையான சீஸுக்கும் துருவி வைத்ததற்கும் இந்த வெட்டி எறியும் வைத்தியம் பொருந்தாது. அவற்றில் இழை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும்.

வாடை அமோனியா. புரதம் மேலும் உடைந்து, காற்றுப் போகாத பொதிக்குள் தேங்கியிருக்கிறது. தாளை நீக்கி, மூடி திறந்த பெட்டியில் பிரிட்ஜுக்குள்ளேயே ஒரு மணித்தியாலம் விடுங்கள். வாடை போய்விட்டால் சீஸில் குற்றமில்லை, சுற்றிய விதத்தில்தான் குற்றம். போகாமல், கடித்தால் நாக்கில் எரிவும் கசப்பும் இருந்தால் காலம் கடந்துவிட்டது. இதோடு குழம்பக்கூடாத இன்னொரு மணமும் உண்டு. செம்மறிச் சீஸுக்கே உரிய, நனைந்த கம்பளி போன்ற ஆட்டுவாசம். கப்ரோயிக், கப்ரிலிக், கப்ரிக் என்ற கொழுப்பமிலங்கள் பசுப்பாலைவிடச் செம்மறி, வெள்ளாட்டுப் பால்களில் கூட இருப்பதால் வருவது அது. அதைப் பிடிக்காதவர்கள் உண்டு, ஆனால் அது கெட்டதன் அறிகுறி அல்ல.

பெக்கொரினோவில் மிருகக் கொழுப்போ வேறெதுவோ சேர்க்கிறார்களா? நாங்கள் சாப்பிடலாமா? (கிண்ணியா வாசகர்.) வெள்ளிக்கிழமை விரதகாரர் சாப்பிடலாமா? (கோணேசர் கோயிலடி வாசகி.)

இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்தில்தான் விடை இருக்கிறது: ரெனெட். பாலை உறைய வைக்கும் நொதியம். பெக்கொரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த பசைவடிவ ரெனெட்தான் விதி. அதன் காரச் சுவைக்கே அந்தப் பசையில் உள்ள, கொழுப்பை உடைக்கும் நொதியம் ஒரு காரணம். கொழுப்பு எதுவும் தனியே சேர்ப்பதில்லை. றொக்ஃபோர்ட்டும் மிருக ரெனெட்தான். எனவே கண்டிப்பான சைவர்களுக்கு இவை ஆகாது.

போர்த்துக்கலின் செர்ரா டா எஸ்ட்ரேலா, ஸ்பெயினின் தோர்த்தா டெல் காசார், லா செரேனா ஆகியவை செம்மறிப்பாலில், ஒருவகை முட்செடிப் பூவின் சாற்றால் உறையவைத்தவை. தாவரவழி வேண்டுவோர் அவற்றைத் தேடலாம். லேபலில் ரெனெட்டுக்கு இத்தாலியில் ‘கால்யோ’, ஸ்பெயினில் ‘குவாஹோ’, பிரான்சில் ‘ப்ரெஸ்யூர்’ என்று போட்டிருக்கும், பக்கத்தில் ‘வெஜெ’ என்று தொடங்கும் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ஹலால் விசயத்தில் சான்று இலச்சினை இருந்தால் பிரச்சினையில்லை. இல்லாதபோது மிருக ரெனெட்டை எப்படிக் கொள்வது என்பது மார்க்கத் தீர்ப்பு, அதை உலமாக்களிடம்தான் கேட்க வேண்டும். நாங்கள் சொல்லக்கூடியது பொதிக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும்.

இரத்த அழுத்தக்காரர் சாப்பிடலாமா? மகள் ஆறு மாதக் கர்ப்பிணி, அவவுக்கும் ஆசை.
– வாசகர், சீனக்குடா

100 கிராம் பெக்கொரினோ ரொமானோவில் 4 கிராம் அளவு உப்பு. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் கீழ் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 10 கிராம் துருவலைத் தூவி, அந்தச் சாப்பாட்டில் வேறு உப்புப் போடாமல் விட்டால் ஒருவாறு சமாளிக்கலாம். மான்செகோவில் உப்பு இதில் பாதிக்கும் குறைவு. மகள் கடினமான நாள்பட்ட வகைகளைச் சாப்பிடலாம். றொக்ஃபோர்ட்டும் மற்ற நீலச் சீஸ்களும், நன்றாகச் சூடாக்கிச் சமைத்தாலொழிய, பிள்ளை பிறக்கும்வரை வேண்டாம். லிஸ்டீரியா என்ற கிருமிக்கான பயம் அது. பால் புரதம் ஒவ்வாதவர்களுக்குச் செம்மறிப்பாலும் ஆகாது. லக்டோஸ் மட்டும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நாள்பட்ட சீஸ் பெரும்பாலும் தொந்தரவு தராது, பழுக்கும்போது லக்டோஸ் அநேகமாகத் தீர்ந்துவிடும்.

பெக்கொரினோவும் மிளகும் போட்ட ஸ்பகெட்டி மூன்று தரம் செய்தேன். மூன்று தரமும் சீஸ் றப்பர்க் கட்டியாகி ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். இடியப்பத்தில் செய்தால் சரிவருமா?
– வாசகி, திருக்கடலூர்

‘காச்சோ எ பெப்பே’ உலகம் முழுக்க இப்படித்தான் சதி செய்கிறது. கொதிக்கும் சட்டியில் சீஸைக் கொட்டியிருப்பீர்கள். ஏறக்குறைய 65 பாகைக்கு மேலே போனால் சீஸின் புரதங்கள் ஒன்றையொன்று பற்றித் திரண்டுவிடும். மாப்பொருள் போதுமானளவு இருந்தால் அது இடையில் நின்று திரளவிடாது. பாஸ்தா அவித்த நீரில் அந்த மாப்பொருள் பெரும்பாலும் போதாது, அதுவும் நாம் பெரிய சட்டி நிறையத் தண்ணீர் வைத்து அவிக்கும் பழக்கக்காரர்.

இரண்டு பேருக்கு இப்படிச் செய்யுங்கள். 120 கிராம் பெக்கொரினோவை மிகப் பொடியாகத் துருவுங்கள், தேங்காய்ப்பூப் பருமன் கூடாது, மாவாக வேண்டும். 3 கிராம் கோன்பிளவர், அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டி, 50 மில்லிலீற்றர் பச்சைத் தண்ணீரில் கரைத்துக் கூழாகும்வரை காய்ச்சி ஆறவிடுங்கள். கைச்சூட்டுக்கு வந்ததும் சீஸைச் சேர்த்து அடித்தால் தோசைமாப் பதத்தில் ஒரு குழம்பு வரும். ஒரு தேக்கரண்டி மிளகை வெறும் சட்டியில் வறுத்து ஒன்றிரண்டாக இடியுங்கள். 200 கிராம் ஸ்பகெட்டியை, வழமையில் பாதி உப்புப் போட்டு அவித்து, அடுப்பை நிறுத்தி, மிளகோடு பிரட்டி, ஒரு நிமிடம் பொறுத்துச் சீஸ் குழம்பை ஊற்றிக் கிளறுங்கள். இறுகினால் அவித்த நீரைக் கரண்டி கரண்டியாக விடுங்கள். பைக்கற்றில் வரும் துருவிய சீஸ் வேண்டாம், ஒட்டாமலிருக்க அதில் வேறு தூள் கலந்திருப்பார்கள்.

இடியப்பம் ஆவியில் அவிவது, பிரட்டினால் குழையும். அதில் இதைச் செய்ய வேண்டாம். ஆசைக்குச் சூடான இடியப்பத்தின் மேல் சீஸும் மிளகும் தூவிச் சாப்பிடுங்கள், சொதி அன்றைக்கு லீவு.

எங்களிடம் எருமைப்பால் தாராளம். செம்மறிப்பாலுக்குப் பதிலாக அதில் இப்படி நாள்பட்ட சீஸ் செய்ய முடியாதா?
– பண்ணைக்கார வாசகர், தம்பலகாமம்

பாலில் குறையில்லை. எருமைப்பாலின் கொழுப்பு செம்மறிப்பாலுக்குச் சமம், அதன் சீஸும் செம்மறிச் சீஸ்போலவே வெள்ளையாக வரும். புரதம் மட்டும் சற்றுக் குறைவு, செம்மறியில் 5.5 வீதம், எருமையில் 4.5 அளவில். ஒரு கிலோ கடினச் சீஸுக்குப் பசுப்பால் 10 லீற்றர் தேவைப்படும் இடத்தில் செம்மறிப்பால் 5, 6 லீற்றர் போதும். எருமைப்பாலும் பசுப்பாலைவிட விளைச்சல் கூடத் தரும்.

குறை காற்றில் இருக்கிறது. பழுக்க வைக்க 10 முதல் 13 பாகையும் 80 முதல் 85 வீத ஈரப்பதனும் மாதக்கணக்கில் மாறாமல் வேண்டும். றொக்ஃபோர்ட்டுக்கு அப்படி மாறாத குளிரையும் ஈரத்தையும் பிரான்சின் கொம்பலூ மலைக் குகைகள் கொடுக்கின்றன. தம்பலகாமத்து வெளியறை 30 பாகையில் கொழுப்பை வடித்து, கிருமிவாயுவால் கட்டியை ஊதவைக்கும். வீட்டுப் பிரிட்ஜ் 4 பாகையில் பழுக்கவிடாமல் காயவைக்கும். வைன் வைக்கும் சிறிய குளிர்ப்பெட்டி ஒன்றை 12 பாகையில் வைத்தால் முயலலாம், ஆனால் மின்சாரச் செலவுக்கும் மின்வெட்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். எங்கள் யோசனை, உப்புநீரில் பழுக்கும் ஃபெட்டா முறை. கிரேக்க ஃபெட்டாவும் செம்மறிப்பால்தான், 30 வீதம் வரை வெள்ளாட்டுப்பால் சேர்க்க விதி இடம் தருகிறது. அது குறைந்தது இரண்டு மாதம் பழுக்கும்.

4 லீற்றர் பாலை 63 பாகையில் 30 நிமிடம் வைத்திருங்கள், வெப்பமானி இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம். 33 பாகைக்கு ஆறவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி புதுத்தயிரை அடித்துக் கலந்து 45 நிமிடம் மூடி வையுங்கள். ரெனெட்டைப் போத்தலில் சொன்ன அளவுக்கு, கொதித்தாறிய நீரில் கரைத்து ஊற்றி, ஒரு நிமிடம் மட்டும் கிளறி, அசைக்காமல் ஒரு மணித்தியாலம் விடுங்கள். கத்தியைச் சரித்துச் செருகித் தூக்கினால் தயிர்க்கட்டி கூராகப் பிளந்து, பிளவில் தெளிந்த நீர் நிற்க வேண்டும். அதற்கு முன் வெட்டினால் பாதிக் கொழுப்பு நீரோடு போய்விடும். 2 சென்ரிமீற்றர்க் கட்டிகளாக வெட்டி, 10 நிமிடம் விட்டு, துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். நம் சூட்டுக்கு ஆறு மணித்தியாலம் போதும், இரவு முழுக்க விட்டால் புளித்துவிடும். பிறகு துண்டாக்கி, எல்லாப் பக்கமும் உப்புத் தடவி ஒரு நாள் பிரிட்ஜில்.

உப்புநீரை வெறும் தண்ணீரில் கரைக்காதீர்கள். துணியில் வடிந்த மஞ்சள் நீரையே கொதிக்க வைத்து, வடித்து, லீற்றருக்கு 80 கிராம் உப்புப் போட்டு ஆறவிட்டு ஊற்றுங்கள். வெறும் நீர் கட்டியிலிருந்து கல்சியத்தை இழுத்துவிடும், இரண்டாம் கிழமை மேற்பரப்பு சவர்க்காரம்போல வழுக்கத் தொடங்கும். துண்டுகள் முழுக்க மூழ்கியிருக்க வேண்டும், பிரிட்ஜில் இருக்க வேண்டும். இரண்டு மாதம் பொறுங்கள். உப்புக் கூடிப்போனால் சாப்பிடுமுன் அரை மணி பாலில் ஊறவிட்டால் இறங்கும்.

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் கொண்டுவர வேண்டும். மின்வெட்டு வந்தால் என்ன செய்வது? பிறீசரில் போடலாமா? தேங்காயெண்ணெயில் ஊறவைக்கலாமா?
– பலர்

றெஜிபோம் பெட்டி, உறைந்த தண்ணீர்ப் போத்தல் இரண்டு, போத்தலைச் சுற்றப் பத்திரிகைத் தாள். போத்தல் நேரடியாகச் சீஸில் முட்டக்கூடாது. பெட்டி புதியதாக இருக்கட்டும், மீன் ஏற்றியது எத்தனை தரம் கழுவினாலும் மீன் பெட்டிதான்.

மின்வெட்டில் பிரிட்ஜைத் திறக்காதீர்கள், மூடியிருந்தால் நாலு மணித்தியாலம் குளிர் நிற்கும். அதைத் தாண்டினாலும் மான்செகோ, பெக்கொரினோ தப்பும். றொக்ஃபோர்ட் சூடாகி இரண்டு மணித்தியாலம் கடந்தால் எறிய வேண்டியதுதான்.

பிறீசரில் கட்டியாகப் போட்டால் உள்ளிருக்கும் நீர் உறைந்து அமைப்பை உடைக்கும், வெட்டினால் பொலபொலவென உதிரும். துருவி, சிறு பைகளில் 50 கிராம் வீதம் போட்டால் மூன்று மாதம் வரை சமையலுக்கு உதவும், இளகவிடாமல் அப்படியே சட்டியில் போடுங்கள்.

தேங்காயெண்ணெய் பிரிட்ஜில் வெள்ளையாக உறைந்துவிடும், சீஸைத் தோண்டி எடுக்க வேண்டிவரும். நல்லெண்ணெய் சீஸின் வாசத்தை விழுங்கிவிடும். ஸ்பெயினில் ஒலிவ் எண்ணெயில்தான் போடுவார்கள். உள்ளிப் பல்லையோ பச்சை இலைகளையோ கூடப் போட்டு வெளியே வைப்பது ஆபத்து, காற்றில்லாத எண்ணெய்க்குள் பொட்டுலிசக் கிருமி வளர இடமுண்டு. எண்ணெயும் சீஸும் மட்டும், பிரிட்ஜில், இரண்டு கிழமைக்குள் முடித்துவிடுங்கள்.

மிஞ்சும் பெக்கொரினோத் தோலில் மெழுகோ கறுப்புப் பூச்சோ இல்லாவிட்டால், சுரண்டிக் கழுவிப் பருப்போடு போட்டு அவித்து, இறக்கும்போது எடுத்து எறியுங்கள். பருப்புக்கு உப்பைக் கடைசியில்தான் பார்த்துப் போட வேண்டும்.